மலை வறண்டால் மருதம் ஏது?

அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆக்ரா ஓயாவை மாசி மாதத்தில் ஒருமுறையும் ஆடி மாதத்தில் ஒருமுறையும் சென்று பார்ப்பவர், தாம் பார்த்தது ஒரே ஆறுதானா என்று ஐயுறுவர். மாசியிலே அது பாறைகளுக்கிடையில் ஒதுங்கி, கால் நனைக்கும் அளவுக்கே நீரேந்திச் செல்லும். லயத்துப் பீலியில் நீர் நூலாய் இறங்க, குடத்தோடு காத்திருக்கும் பெண்களின் வரிசை நீளும். ஆடியிலோ அதே ஆறு செம்மண் குழம்பாய்ப் பொங்கிக் கரையோரத்து மரக்கறிப் பாத்திகளை வாரிக்கொண்டு போகும். ஒரு பருவத்தில் இல்லாமையாலும் மறு பருவத்தில் மிகையாலும் மக்களை வருத்தும் இந்தப் போக்கை இயற்கையின் திருவிளையாடல் என்று சொல்லித் தட்டிக்கழிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மழையைத் தருவது வானம். பெய்த மழையைப் பிடித்து வைப்பதும் கைவிடுவதும் நிலத்தின் செயல். அந்த நிலத்தை என்ன செய்வது என்று தீர்மானிப்போர் மனிதர். ஆகவே ஆற்றின் நடத்தைக்கு அரசியலும் பொறுப்பாளி என்பதையே இவ்வாரம் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

இது மலைநாட்டு மக்களின் தனிக் கவலை என்று எண்ணும் வாசகர்கள் ஆற்றின் வழியைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்பார்களாக. ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த மலைகளிலே ஊறும் நீர் ஆக்ரா ஓயாவாகி, பிற ஓடைகளுடன் கூடிக் கொத்மலை ஓயா என்ற பெயர் பெறுகின்றது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை அதனைத் தடுத்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அனுப்பி, 150 மெகாவாட் மின்னிலையத்தைச் சுழற்றுகின்றது. இது 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதற்குக் கீழே 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கொத்மலை அணை. பின்னர் மகாவலி. போல்கொல்லையிலே 1976 முதல் அதன் நீரின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டுக் கலாவாவி வரை சென்று அனுராதபுரத்து வயல்களை நனைக்கின்றது. எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை ஆகிய அணைகளைக் கடந்து, வெருகலை நனைத்துத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கின்றது. இலங்கைத் தீவின் மிக நீண்ட ஆறு மகாவலி. அதன் நீளம் 335 கிலோமீற்றர். இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதன் நீரேந்துப் பிரதேசம். கொழும்பிலே மின்விளக்கின் கீழ் இத்தாளை வாசிக்கும் வழக்கறிஞரும், அல்லைக் குடியேற்றத்தில் நாற்று நடும் உழவரும், அக்கரப்பத்தனையிலே கொழுந்தெடுக்கும் தாயும் ஒரே கொடியிலே பூத்தவர்கள். கொடிக்கு வேர் மலையிலே இருக்கின்றது.

மலை எவ்வாறு நீரைச் சேமிக்கின்றது? உச்சிக் காட்டின் மரங்கள் பாசி படர்ந்தவை. மழை பெய்யாத நாளிலும் தவழ்ந்து செல்லும் முகிலைப் பிடித்துத் துளித்துளியாக வேரடியில் இறக்குகின்றன. பல நூறாண்டுச் சருகு மக்கிய மண் கடற்பஞ்சு போன்றது. அதிலே விழுந்த மழை மேற்பரப்பிலே ஓடாது உள்ளே இறங்கி, பாறைப் பிளவுகளிலே தங்கி, வாரங்களும் மாதங்களும் கழித்து ஊற்றாகக் கசிகின்றது. ஆடியிலே பெய்த மழையின் ஒரு பங்கை மார்கழி கடந்த பின்னரும் ஆறு அனுபவிப்பது இவ்வாறுதான். காட்டுக்கு இடையிடையே பரந்த மலைப் புல்வெளிகளுக்கும் இப்பணியிலே பங்குண்டு. சிங்களத்தில் 'பத்தன' என்று வழங்குவது இப்புல்வெளியையே. அக்கரப்பத்தனை என்ற பெயரிலேயே அந்தப் பழைய புல்வெளி ஒளிந்திருக்கின்றது. பெயர் எஞ்சியிருக்கிறது, புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டது.

அது போன வரலாறு நம் பாட்டன் பூட்டனின் வரலாறுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக மலைக்காடுகள் வீழ்த்தப்பட்டன. உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காணியெல்லாம் முடிக்குரியது என்று கொள்வதற்கு 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழிவகுத்தது. காடும் புல்வெளியும் துரைமார் கைக்கு மாறின. 1869இல் கோப்பி இலையிலே பூஞ்சண நோய் தோன்றியது. இருபதாண்டுக்குள் கோப்பி வீழ்ந்து, 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் நட்டு வெற்றி கண்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட நம்மவர் கோடரி பிடித்தனர் என்பது உண்மை. ஆனால், காட்டை வெட்டியவன் கூலியையும் காய்ச்சலையுமே கண்டான். வெட்டச் சொன்னவன் கண்டது இலாபம். இந்தக் கணக்கை மறந்துவிட்டு இன்று தோட்டத் தொழிலாளியைச் சூழலின் பகைவன் என்று சுட்டுவோரின் நேர்மையை நாம் ஐயுறுகின்றோம்.

அக்காலத்திலேயே எச்சரித்தவர்களும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு 1873ஆம் ஆண்டில் அறிவுரை வழங்கினார். அதன்படி அவ்வுயரத்துக்கு மேல் காடழிப்பதைத் தடுக்கும் ஆணை பிறந்தது. ஹோர்ட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த காடும் இன்று எஞ்சியிருப்பதற்கு அந்த ஆணை ஒரு காரணம். அந்நிய ஆட்சிக்கு இருந்த அந்த அளவு முன்னெச்சரிக்கையேனும் பின் வந்த நம்மவர் ஆட்சிகளுக்கு இருந்ததா? 1960-களிலும் 1970-களிலும் அச்சமவெளியின் ஒரு பகுதியே உருளைக்கிழங்குப் பண்ணையாக்கப்பட்டது. நாடு முழுவதிலும் 1956இல் நூற்றுக்கு 44 வீதமாக இருந்த காடு, 1983இல் 27 வீதமாகக் குறுகியது. 1988இல் சமவெளி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைச் சிறப்பும் அதற்குக் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் உச்சியை மட்டும் வேலியிட்டுக் காத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள சரிவுகளைக் கேட்பாரின்றி விட்டால் ஆறு பிழைக்குமா? தலைக்குக் குடை பிடித்துவிட்டு உடலை மழையிலே நனையவிடுவது போன்றதே அது.

அப்படியானால் தேயிலையே குற்றவாளியா? அவ்வாறு ஒரே சொல்லிலே தீர்ப்புக் கூற நாம் தயாராயில்லை. மண்ணரிப்பை அளந்தறிந்தோர் கூறுவது கவனத்துக்குரியது. பராமரிப்பின்றி இடைவெளி விழுந்த பழைய விதைத்தேயிலை நிலத்திலிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டேயரில் 50 தொன்னுக்கு மேல் மண் அடித்துச் செல்லப்படுகின்றது. அதே தேயிலை நெருங்கி மூடி, கானும் கல்லணையும் ஒழுங்காக இருந்தால், இழப்பு ஒரு தொன்னையும் எட்டுவதில்லை. செடி ஒன்றே, மழை ஒன்றே, சரிவும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் மனிதக் கையின் உழைப்பிலே தங்கியிருக்கின்றது. கான் வெட்டுதல், வெட்டிய கானைத் துப்புரவாக வைத்திருத்தல், வெற்றிடங்களில் கன்று நடுதல், கவ்வாத்து வெட்டிய மலையைத் தழையால் மூடுதல் ஆகிய இவையெல்லாம் கணக்கேட்டிலே செலவாக மட்டும் தோன்றும் வேலைகள். கொழுந்தின் நிறை அன்றே தெரியும். காத்த மண்ணின் நிறையை எந்தத் தராசும் காட்டுவதில்லை. ஆகவே, தோட்டத்துக்கு முடை வரும்போதெல்லாம் முதலிலே கைவிடப்படுவது கான் வேலையே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியது, பலகை மாறியது. நூறாண்டு கடந்த கிழட்டுத் தேயிலை பல மலைகளில் இன்னும் அப்படியே நிற்கின்றது.

தேயிலையைவிட மண்ணை விரைந்து இழப்பது, செங்குத்தான சரிவிலே காப்பின்றிச் செய்யப்படும் மரக்கறிப் பயிர்ச்செய்கை. 1960-களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும் நுவரெலியா மாவட்டமெங்கும் மண்வெட்டி மேலே ஏறியது. கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம். ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைப் புரட்ட வேண்டும். புரட்டிய மண் மழையைக் கண்டதும் புறப்பட்டுவிடும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பதை விட்டு நெடுக்கே அமைத்தால், அது பாத்தியன்று, மண் செல்லும் வாய்க்கால். ஆயினும் இங்கும் நாம் உழவனை மட்டும் நோகமாட்டோம். அரை ஏக்கர் குத்தகை நிலத்தில், அடுத்த ஆண்டு அது தன் கையில் இருக்குமோ என்று அறியாதவன், பத்தாண்டு நின்று பயன்தரும் கல்லணையைக் கட்டுவானா? மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. முக்கால் நூற்றாண்டாகச் சட்டம் ஏட்டிலே இருக்க, மண் ஆற்றிலே போய்க்கொண்டிருக்கின்றது.

இவற்றின் கூட்டு விளைவைக் கணக்கிலே காட்டிய ஆராய்ச்சி ஒன்றுண்டு. பேராசிரியர் மத்தும பண்டாரவும் குருப்புஆராச்சியும் பேராதனைக்கு மேலுள்ள மகாவலி நீரேந்துப் பிரதேசத்தின் 1940 முதல் 1980 வரையான மழையையும் ஆற்றோட்டத்தையும் ஒப்பிட்டு 1988இல் வெளியிட்ட முடிவு இது: மழை குறைந்துவந்தது, ஆனால் பெய்த மழையில் உடனே ஆற்றிலே ஓடிப்போகும் பங்கு கூடிவந்தது. தேயிலை நிலங்கள் காப்பு வேலைகள் இன்றி மரக்கறி நிலமாகவும் குடியிருப்பு நிலமாகவும் மாறியதே காரணம் என்று கொள்ளப்பட்டது. இதன் பொருளை உழவர் பெருமக்கள் எளிதில் உணர்வர். வருமானம் குறைந்துவரும் குடும்பத்திலே ஊதாரித்தனம் கூடினால் என்ன நேரும்? மாதத் தொடக்கத்திலே விருந்து, கடைசியிலே பட்டினி. மலைநாட்டின் நிலை இன்று அதுவே. ஆற்றிலே ஆண்டு முழுவதும் ஓடும் மொத்த நீரைக் கூட்டிக் காட்டி, குறைவில்லையே என்று சொல்லும் அதிகாரியின் கணக்குப் பிழையன்று; ஆனால் பயனற்றது. வேண்டிய நாளிலே நீர் இருக்கிறதா என்பதன்றோ கேள்வி?

இங்கே ஒரு மறுப்புரையையும் எதிர்கொள்ள வேண்டும். மரமும் நீர் குடிக்கிறதே, காடு வளர்த்தால் ஆற்றுநீர் குறையாதா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. மரம் நீர் குடிப்பது உண்மை. நீலகிரியின் கிளென்மோர்கனிலே புல்வெளியைக் கற்பூரமரமாகிய யூக்கலிப்டஸ் தோப்பாக்கிச் செய்த நெடுங்காலச் சோதனையில், முதற் சுற்றிலேயே ஓடைநீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 வீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாஞ் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. நமது பத்தனைகளிலும் ஓடைத் தலைகளிலும் யூக்கலிப்டஸையும் பைனசையும் வரிசை வரிசையாக நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று மார்தட்டுவோர் இப்பாடத்தைப் படிக்க வேண்டும். விறகுக்கு மரம் வேண்டும்; தேயிலைத் தொழிற்சாலைக்கும் வேண்டும். அதற்கென இடம் ஒதுக்குக. ஆனால் ஊற்றுக்கண்ணிலே நடவேண்டியது அம்மலைக்கே உரிய மரம். புல்வெளியிலே இருக்கவேண்டியது புல்லே. எந்த மரம், எந்த இடம் என்று கேளாது 'மரம் நடுவோம்' என்று முழங்குவது நோய் அறியாது மருந்து கொடுப்பதாகும்.

நிலத்தின் நிலை இவ்வாறிருக்க, வானமும் மாறிவருகின்றது. மலைநாட்டு மேற்குச் சரிவுகளிலே தென்மேற்குப் பருவமழை இருபதாம் நூற்றாண்டிலே குறைந்துவந்ததைப் பேராதனை ஆய்வாளர்கள் நெடுங்கால மழைப் பதிவுகளிலிருந்து காட்டியுள்ளனர். மறுபுறம், காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும் என்பது பௌதிக விதி. ஆகவே பெய்யும் நாள்கள் குறையினும், பெய்யும் நாளிலே கொட்டித் தீர்க்கும் மழை பெருகுகின்றது. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சியில் வயல்கள் வெடித்து நெல் விளைவு பெரிதும் வீழ்ந்ததை வடக்கு, கிழக்கு உழவர் மறந்திருக்கமாட்டார். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலோ மறுபக்கத்தைக் காட்டியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே மிகக் கொடிய அடி வாங்கின. புயலை நாம் உண்டாக்கவில்லை; உலகை வெப்பமாக்கிய புகையில் நமது தோட்டத் தொழிலாளியின் பங்கு கடுகளவும் இராது. ஆனால் அந்த மழை விழுந்த சரிவு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இந்நாட்டு ஆட்சியாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஊதாரி மலையின் கடனை யார் அடைக்கிறார்கள் என்று பாருங்கள். போல்கொல்லை அணை இயங்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு நிறைவதற்குள், 1988 அளவிலே, அதன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டல் நிரம்பிவிட்டது. கோடி கோடியாகக் கடன்பட்டுக் கட்டிய அணையின் வயிற்றிலே நமது மலையின் மேல்மண் கிடக்கின்றது. அந்தக் கடனை நாட்டு மக்கள் எல்லோரும் இறுத்தனர். ஆனால் மலையிலே வாழ்வோன் இறுப்பது பணமாக மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்துள்ள இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். வேறு எங்கே போவார்கள்? காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை கொடுப்பது, கால் இல்லாதவனை ஓடு என்று சொல்வது போன்றதல்லவா?

நமது வாதத்தின் நடுநாடி இதுதான். மலைச் சரிவைக் காக்கும் வேலை கையால் செய்யவேண்டிய வேலை. அந்தக் கை தோட்டத் தொழிலாளியினுடையது. அவனுக்கோ அம்மண்ணிலே உரிமையில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோரின் நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட இடங்கொடாதிருந்தது. அவர்கள் வாக்களிக்கலாம், ஆனால் அவர்களின் பாதைக்கும் வடிகாலுக்கும் பீலிக்கும் சபை கைகொடுக்க இயலாது! 2018ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது; அதே ஆண்டிலே அக்கரப்பத்தனைக்கும் தனிப் பிரதேச சபை கிடைத்தது. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி பெற்ற குடும்பங்கள் சில. லயத்திலேயே வாழும் குடும்பங்கள் இன்னும் பல்லாயிரம். தலைமுறை தலைமுறையாக அவன் நட்ட மரம் எதுவும் அவனுடையதன்று. அவன் துப்புரவு செய்த ஊற்று அவனுடையதன்று. தன்னுடையதல்லாத ஒன்றை ஐம்பதாண்டுக்கு முன்னோக்கிக் காக்கும்படி ஒருவனுக்கு உபதேசிப்பது எளிது. உபதேசத்தால் ஆறு நிறைவதில்லை.

ஆகவே, ஆற்றைக் காப்பதற்கான நமது கோரிக்கைகள் மலைநாட்டு மக்களின் உரிமைக் கோரிக்கைகளிலிருந்து வேறானவையல்ல. முதலாவது, 5,000 அடிக்கு மேற்பட்ட சரிவுகள், ஓடைத் தலைகள், ஓடைக் கரைகள் ஆகியவற்றைத் தோட்டந்தோறும் அளந்து எல்லையிட்டு, அங்கே மலைக்குரிய மரங்களை மீட்டு வளர்க்க வேண்டும். அந்த வேலை தோட்டத்து இளைஞர்களுக்கே ஊதியத்துடன் வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, கானும் கல்லணையும் காத்தலைத் தோட்டக் குத்தகையின் மீறவொண்ணா நிபந்தனையாக்கி, கொழுந்து எடுக்கும் நாளுக்குரிய கூலியை அந்த வேலைக்கும் தர வேண்டும். மூன்றாவது, கைவிடப்பட்ட தேயிலை நிலங்களில் ஆபத்தற்ற சரிவுகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உறுதியுடன் பகிர்ந்தளித்து, படிக்கட்டு முறையிலே மரமும் பயிரும் கலந்து செய்ய உதவ வேண்டும். மரக்கறி உழவருக்கும் அவ்வாறே நீண்டகாலக் குத்தகை உறுதி வேண்டும். நான்காவது, மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து மக்களை மழைக்கு முன் குடியமர்த்த வேண்டும். எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழிலே வர வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் ஆற்றிலேயே ஓடுகிறது. கொத்மலையில் 201 மெகாவாட், மேல் கொத்மலையில் 150, விக்டோரியாவில் 210 என்று வலுவுள்ள நிலையங்கள் இம்மலையின் நீராலே சுழல்கின்றன. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நிய நாணயம் கொட்டும் மின்துறை, நீருக்கு மலைநாட்டுக்கு என்ன கொடுக்கிறது? நீர்மின்னின் ஒவ்வோர் அலகிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அது தோன்றும் நீரேந்துப் பிரதேசத்தின் பிரதேச சபைகளிடம் மண்ணையும் ஊற்றையும் காக்கும் பணிக்கென்றே கொடுக்கச் சட்டம் செய்ய வேண்டும். இது ஐந்தாவது கோரிக்கை. மற்ற நான்குக்கும் அடிப்படையும் இதுவே. மேல் கொத்மலைத் திட்டத்தால் சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்குப் பகற்பொழுதிலே அளந்து விடும் நீரே மிஞ்சியது. அருவியையும் விட்டுக்கொடுத்த மண்ணுக்கு ஒளியின் விலையிலே ஒரு துளியேனும் திரும்பக் கூடாதா? வட்டி வாங்குவோன் முதலைக் காப்பான். இந்த அரசாங்கங்கள் முதலையே தின்று வந்திருக்கின்றன.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கும் ஒரு சொல். 2006 யூலையிலே வெருகலை அண்டிய மாவிலாற்று மதகு மூடப்பட்டது எத்தகைய பேரழிவின் வாயிலைத் திறந்தது என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. கடைமடையிலே ஒரு மதகுக்காக வெடித்த துயரத்தை அறிந்தவர்கள், தலைமடையிலே மெல்ல மெல்ல மூடிவரும் ஊற்றுக்கண்களைக் காணாதிருத்தல் தகுமா? மலையகத் தமிழரின் காணியுரிமையை இரக்கத்தாலே ஆதரிக்கும் காலம் போய்விட்டது. அது திருகோணமலை உழவனின் சிறுபோகத்துக்கும், கொழும்பு மருத்துவமனையின் மின்விளக்குக்கும், அனுராதபுரத்துச் சிங்கள உழவனின் குளத்துக்கும் உரிய கேள்வி. ஆறு இனம் பார்ப்பதில்லை. ஆகவே இக்கோரிக்கையை எழுப்பும்போது பெரும்பான்மை உழவரையும் நம் பக்கத்தில் அழைக்க நமக்கு வாயும் உண்டு, நியாயமும் உண்டு. பொறியியலாளர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய நம் கற்றோர் இதனைத் தம் சங்கக் கூட்டங்களிலே எடுத்துப் பேச வேண்டும். மழையளக்கும் கருவி ஒன்றைத் தோட்டப் பாடசாலைதோறும் நிறுவி, பிள்ளைகளைக் கொண்டே நாள்தோறும் பதிவுசெய்யத் தொடங்கினாற்கூட, பத்தாண்டிலே நம் கையில் மறுக்கவொண்ணாத சான்று இருக்கும்.

இன்றும் அக்கரப்பத்தனையின் லயங்களிலே, விடியுமுன் பீலிக்கரைக்குப் போகும் பெண்ணுக்கு ஆற்றின் நலம் எவருக்கும் முன்பாகத் தெரிந்துவிடுகின்றது. நீர் மெலிந்தால் அவள் குடம் சொல்லும். நீர் கலங்கினால் அவள் கண் சொல்லும். அந்தச் செய்தி அணையை எட்டவும், அங்கிருந்து வயலை எட்டவும், வயலிலிருந்து பாராளுமன்றத்தை எட்டவும் பல ஆண்டுகள் செல்கின்றன. எட்டும்போது அது வறட்சி நிவாரணப் பொதியாகவோ மின்வெட்டு அறிவித்தலாகவோ மரணப் பட்டியலாகவோ மாறியிருக்கின்றது. அவளது சொல் முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டுமானால், அவள் நிற்கும் மண் அவளுடையதாக வேண்டும். மலைக்காரருக்கு மண்ணைக் கொடுங்கள். அவர்கள் நாட்டுக்கு ஆற்றைக் காத்துத் தருவார்கள்.